தொண்ணூறு பங்கு காற்று: அடர்காட்டில் தட்டெறிதல் பற்றி ஓர் ஆய்வு

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்களிடையே ஆசிரியர் பெயரில்லாத நூற்பா ஒன்று வாய்மொழியாக வழங்கிவருகிறது. "மரம் தொண்ணூறு பங்கு காற்று" என்பது அது. காட்டுக்குள் தட்டை வீசக் கையை ஓங்கி நிற்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் ஆறுதலாக இதை எடுத்துச் சொல்வான். சொல்லி வாய் மூடுவதற்குள் 'டொக்' என்று ஓர் ஓசை கேட்கும். நூற்பா பொய்யா, டொக் பொய்யா என்பதே இங்கு ஆய்வுச் சிக்கல். இரண்டுமே மெய் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதற்கு நிதிநல்கை வேண்டி இவ்வாய்வாளர் எந்தக் குழுவுக்கும் விண்ணப்பிக்கவில்லை. கிடைக்காது என்ற தெளிவு தொடக்கத்திலேயே இருந்தது.

ஆட்டம் அறியாதவர்களுக்குச் சில சொற்கள். விதிகள் பெரும்பாலும் கோல்ஃபின் விதிகளே. பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் இரும்புக் கம்பத்தில் பொருத்திய கூடை. கூடைக்கு மேலே சங்கிலிகள் சரம்சரமாகத் தொங்கும். தட்டு சங்கிலியில் மோதி, வேகம் இழந்து, கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த எறிகளில் முடித்தவர் வென்றவர். தட்டு சுமார் 21 சென்டிமீட்டர் அகலம், 170 கிராம் அளவில் எடை. கடற்கரையில் பிள்ளைகள் எறிந்து விளையாடும் ஃபிரிஸ்பீயைவிடச் சிறியது, விளிம்பு கூரியது, நெற்றியில் பட்டால் நினைவில் நிற்பது. கோல்ஃபுக்காகக் காட்டை அழித்துப் புல் வளர்ப்பார்கள். இவர்கள் அந்தச் செலவை மிச்சம்பிடித்துக் காட்டுக்குள்ளேயே போய்விட்டார்கள். உறுப்பினர் கட்டணம், வெள்ளைக் கையுறை, மூட்டை சுமக்க ஆள் ஒன்றும் வேண்டாம். அதனாலேயே இதைப் பணக்காரர்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்று இவ்வாய்வாளர் கருதுகிறார்.

முன்னோர் மரபு

எந்தப் பொருளை ஆராய்ந்தாலும் அதன் தோற்றத்தைத் தமிழ் நிலத்தில் கண்டு காட்டுவது நம் ஆய்வு மரபு. அந்தக் கடமையை இவ்வாய்வாளர் மறக்கவில்லை. சிவகங்கைச் சீமையின் வளரியில் தொடங்கலாம் என்று குறிப்பும் எடுத்தார். ஆனால் வளரி, எதிரில் இருப்பதைத் தாக்குவதற்கு. இந்தத் தட்டோ எதிரில் இருப்பதைத் தாக்காமல் போவதற்கு. விளைவு ஒன்றாகவே இருக்கிறது என்றாலும் நோக்கம் வேறு. ஆகவே பெருமையை மனம் கனக்க அமெரிக்காவுக்கே விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

அங்கே 1937இல் வால்டர் ஃபிரெடரிக் மாரிசன் என்ற இளைஞர் பாப்கார்ன் டப்பா மூடியைத் தன் காதலியோடு எறிந்து விளையாடினார். மூடி நெளிந்து போனதும் கேக் சுடும் தகரத் தட்டுக்கு மாறினார். மறு வருடம் சான்டா மோனிகா கடற்கரையில் இருவரும் அந்தத் தட்டை வீசிக்கொண்டிருந்தபோது, பார்த்த ஒருவர் அதை 25 சென்ட் கொடுத்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கடையில் அதன் விலை 5 சென்ட். காதலில் தொடங்கியது ஐந்து மடங்கு விலையில் வணிகமாயிற்று. 1957இல் வாம்-ஓ நிறுவனம் அவருடைய பிளாஸ்டிக் தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கனெக்டிகட்டில் ஃபிரிஸ்பீ என்ற பெயருள்ள பேக்கரியின், 'பை' என்னும் பண்டம் சுடும் தகரங்களை மாணவர்கள் எறிந்து விளையாடிய வழக்கத்திலிருந்து இன்றைய பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் டிஸ்க் கோல்ஃபுக்குத் தந்தை வேறொருவர். வாம்-ஓவில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக், 1960களில் ஃபிரிஸ்பீயின் மேற்புறத்தில் வட்ட வரிகளைச் சேர்த்து அதன் பறப்பைச் சீராக்கியவர். 1975இல் கலிபோர்னியாவின் லா கன்யாடா ஃபிளின்ட்ரிட்ஜ் ஊரில், ஓக் குரோவ் பூங்காவில், முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். தொடக்கத்தில் இலக்கு என்பது வெறும் கம்பம். கம்பத்தில் பட்டது, படவில்லை என்று ஆடுவோருக்குள் சச்சரவு வந்தது. சச்சரவைத் தீர்க்கச் சங்கிலிக் கூடை பிறந்தது. சங்கிலி சத்தம் போடும், கூடை சாட்சி சொல்லும், வழக்கு முடிந்தது. 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பி.டி.ஜி.ஏ.வையும் அவரே தொடங்கினார். 2002இல் அவர் மறைந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். துறைத் தலைவர்கள் சிலை வைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். ஆய்வுப் பொருளாகவே ஆகிவிட்ட துறைத் தலைவர் இவர் ஒருவர்தான்.

முன்னோர் பற்றிய இன்னொரு குறிப்பையும் விட்டுவிடக் கூடாது. தட்டெறிதலில் நெடுந்தூரச் சாதனை 338 மீட்டர். டேவிட் விக்கின்ஸ் என்ற இளைஞர் 2016இல் எறிந்தது. எறிந்த இடம் நெவாடா பாலைவனம். மரத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

களம்

இவ்வாய்வுக்குரிய களம் பின்லாந்து. நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு காடு. ஆள்தொகை ஐம்பத்தைந்து லட்சம்தான். ஆடுகளங்களோ நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவை நகராட்சிகள் இலவசமாக வைத்திருப்பவை. கோடையில் சூரியன் மறையவே மனமில்லாமல் இழுத்தடிக்கும் என்பதால் இரவு பதினொரு மணிக்கும் காட்டுக்குள் சங்கிலி சத்தம் கேட்கும். பனிக்காலத்தில் தட்டின் அடியில் நீள ரிப்பனை ஒட்டி எறிவார்கள். தட்டு பனிக்குள் புதைந்தாலும் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்டத்தை நிறுத்துவது என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வருவதில்லை.

நாம் போன ஆடுகளம் தாம்பெரே நகரத்துக்கு வெளியே, ஸ்புரூஸும் பைனும் பிர்ச்சும் நெருங்கி வளர்ந்த காட்டில் புதிதாகத் திறக்கப்பட்டது. கொஞ்ச தூரத்தில்தான் நோக்கியா. ஆம், அதே பெயர்தான். 1865இல் தாம்பெரேயில் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கிய தொழில், அடுத்த ஆலையை நோக்கியா ஊரில் கட்டி, ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. மரம் காகிதமாகி, காகித ஆலை ரப்பர் பூட்ஸுக்கும் கேபிளுக்கும் விரிந்து, கடைசியில் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசித் தொழிற்சாலையாக வந்து நின்று, 2014இல் கதவடைத்தது வரை நமக்குத் தெரிந்த கதை. தெரியாதது, அந்த நோக்கியா ஊரில் 'பீஸ்ட்' என்ற ஆடுகளம் இருக்கிறது, ஐரோப்பிய ஓபன் போட்டிகள் அங்கே நடந்திருக்கின்றன என்பது. ஒன்றரை நூற்றாண்டாகத் தங்களை அரைத்துக் கூழாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளை மரங்கள் இப்போது எதிர்கொள்கின்றன. இந்தப் பார்வையில் டொக் என்பதற்கு வரலாற்று நியாயம் உண்டு.

புதிய ஆடுகளம் என்பதன் பொருளை விளக்க வேண்டும். பழைய களத்தில் பல்லாயிரம் கால்கள் நடந்து பாதை போட்டிருக்கும், புதர் தேய்ந்திருக்கும், எறிமேடை கெட்டிப்பட்டிருக்கும், வழியில் துருத்தி நின்ற கிளைகளைப் பல வருடத் தட்டுகள் முறித்துப்போட்டிருக்கும். புதிய களத்தில் இந்த முன்னேற்பாடு ஒன்றும் இல்லை. வெட்டிய அடிமரங்கள் கணுக்கால் உயரத்தில் சாய்வாகச் சீவப்பட்டு நிற்கின்றன. வெட்டிய கிளைகளை அள்ளிக் குவித்த போர்கள், தட்டு போய் ஒளியவென்றே கட்டியவை போலிருக்கும். எறிமேடை என்பது இப்போதைக்குச் சரளைக் கல். பனியுகம் விட்டுப்போன பாறைகள், மேலே வழுவழுப்பான பாசி, பாசிக்கு அடியில் திடீரென்று முழங்கால் புதையும் சேறு. இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஆள் உயரத்துக்குக் கூம்பாக எழுந்த எறும்புப் புற்று. முதல் மாதத்தில் ஆட வருகிறவர்கள் ஆட்டக்காரர்கள் என்ற பெயரில் வரும் சாலைப் பணியாளர்களே. அவர்கள் கூலி கேட்பதில்லை. சிலர் நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

களப்பணிக்கு உடன் வந்தவர் இருவர். ஒருவர் உள்ளூர்க்காரர். நாள் முழுக்க அவர் பேசிய வாக்கியங்கள் இக்கட்டுரையின் ஒரு பத்திக்குக்கூடப் போதாது. இன்னொருவர் தாம்பெரேயில் மென்பொருள் வேலை பார்க்கும் மதுரைத் தம்பி. அவர் பேசியதில் தணிக்கைக்குத் தப்பியவை மட்டும் கீழே உரிய இடங்களில் தரப்படுகின்றன.

நூற்பாவும் உரையும்

"மரம் தொண்ணூறு பங்கு காற்று." இதன்கண் 'மரம்' என்றது தனிமரத்தையோ, தோப்பையோ எனின், தோப்பை என்க. தனிமரமாயின் அதைச் சுற்றிப் போகலாம். ஆறுதல் மொழி வேண்டியதில்லை. 'தொண்ணூறு' என்றது எண்ணிச் சொன்னதோ, குத்துமதிப்போ எனின், எண்ணிப் பார்த்துவிடுவோம் என்க.

ஒரு ஹெக்டேர் காட்டில் ஆயிரம் மரங்கள் என்று கொள்வோம். நெருக்கமான காட்டுக்கு இது மிகையல்ல. ஒவ்வொரு மரத்தின் விட்டம் 20 சென்டிமீட்டர். ஆயிரம் மரங்களின் வெட்டுமுகப் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய 31 சதுர மீட்டர் வரும். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆக, மார்பு உயரத்தில் மரம் அடைத்துக்கொண்டிருப்பது நூற்றில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. மீதி 99.7 பங்கும் காற்று. நூற்பா ஆசிரியர் தன்னடக்கம் மிக்கவர். உள்ளதைக் குறைத்தே சொல்லியிருக்கிறார்.

அற்றேல் டொக் எங்கிருந்து வந்தது எனின், கூறுதும். தட்டு, காட்டில் ஒரு புள்ளியில் சும்மா தோன்றி மறையும் பொருளன்று. இங்கிருந்து அங்கே போகும் பொருள். போகிற வழியெல்லாம் தன் அகலத்துக்கு ஒரு பட்டையைத் துடைத்துக்கொண்டே போகும். மரத்தின் அகலம் 20, தட்டின் அகலம் 21. இரண்டையும் கூட்டி 41 சென்டிமீட்டர் அகலப் பட்டைக்குள் எந்த மரத்தின் மையம் வந்தாலும் மோதல் உறுதி. கணக்குப் போட்டால், சராசரியாக 24 மீட்டருக்கு ஒரு மரம் காத்திருக்கிறது. வழி வெட்டாத காட்டில் கண்ணை மூடிக்கொண்டு நேராக எறிந்தால் 50 மீட்டர் தாண்டிப் போகும் தட்டு எட்டில் ஒன்று. 75 மீட்டர் போவது இருபத்திரண்டில் ஒன்று. 100 மீட்டர் என்றால் அறுபதில் ஒன்று. 99.7 பங்கு காற்று இருக்கிறது என்பது மெய். அது அறுபதில் ஐம்பத்தொன்பது பேருக்குப் பயன்படவில்லை என்பதும் மெய்.

இங்கே தடை ஒன்று எழும். ஆட்டக்காரன் கண்ணை மூடிக்கொண்டா எறிகிறான்? இடைவெளியைப் பார்த்துத்தானே எறிகிறான்? எனின், அந்தப் பார்வைதான் சிக்கலின் வேர் என்க. மதுரைத் தம்பி ஆறாவது கூடைக்கு முன்னால் இந்த வேரைத் தொட்டார்.

"ஏண்ணே, கண்ணுக்கு நேரா வழி தெரியுது. தட்டு போனா மட்டும் அடைச்சுக்குது. மரம் நகருதோ?"

உள்ளூர்க்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, நகர்வதில்லை என்று தலையசைத்தார்.

நகரத் தேவையில்லை. பார்வைக் கோட்டுக்கு அகலம் இல்லை. மரத்தின் 20 சென்டிமீட்டர் மட்டுமே அதற்குத் தடை. அதே காட்டில், அதே கணக்கில், கண் சராசரியாக 50 மீட்டர் போகிறது. தட்டோ 24 மீட்டர்தான் போகிறது. கண்ணுக்குக் காடு ஒன்று, தட்டுக்குக் காடு வேறு. 50 மீட்டர் தொலைவில் கண் கண்டுபிடித்து மகிழும் இடைவெளிகளில் மூன்றில் ஒன்றுதான் தட்டை உள்ளே விடும் அளவுக்கு அகன்றது. மீதி இரண்டும் கண்ணுக்கு மட்டும் திறந்த வாசல்கள். ஆட்டக்காரன் மரத்தைக் குறைசொல்வதற்குக் காரணம் இதுதான். வாசல் திறந்திருந்ததை அவன் கண்ணால் பார்த்தான். அவன் சாட்சியில் பொய் இல்லை. சாட்சி சொன்ன கண்ணுக்கு விளிம்பு இல்லாததே பிழை.

வானியலில் இதற்கு மூத்த உறவு ஒன்று உண்டு. ஹைன்ரிஷ் ஒல்பர்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், 1823இல் இரவு வானம் ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டார். எல்லையில்லாத வெளியில் விண்மீன்கள் பரவியிருந்தால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வைக் கோடு ஏதாவதொரு விண்மீனில் போய் முட்ட வேண்டும். இரவே பகலாக இருக்க வேண்டும். வானம் அப்படி இல்லாததற்கு அறிஞர்கள் பின்னால் விளக்கம் கண்டார்கள்: அண்டத்துக்கு வயது உண்டு, தூர ஒளி இன்னும் வந்து சேரவில்லை. காட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. தூர மரம் முன்பே வந்து சேர்ந்து நிற்கிறது.

வழி வெட்டிய பகுதி இருக்கிறதே, அதில் எறியலாமே என்பது அடுத்த தடை. இந்தக் களத்தில் பல இடங்களில் வழியின் அகலம் ஆறு மீட்டர். கூடை 60 மீட்டர் தள்ளி. எறியும் திசையில், பக்கத்துக்கு மூன்று பாகைக்குக் குறைவான பிசகுதான் தாங்கும். கடிகாரத்தின் பெரிய முள் அரை நிமிடத்தில் நகரும் கோணம் அது. தவிர, தட்டு நேர்கோட்டில் போகும் சாதியன்று. வலக்கையால் பேக்ஹேண்டாக எறிந்த தட்டு கடிகாரச் சுற்றில் சுழலும். வேகமாக இருக்கும்போது வலப்புறம் சாயப் பார்க்கும், வேகம் அடங்கும்போது இடப்புறம் வளைந்து இறங்கும். வளைந்து போவதையே இயல்பாகக் கொண்ட பொருளை நேராக வெட்டிய வழியில் அனுப்புவது எப்படி என்பது இந்த ஆட்டத்தின் மையக் கேள்வி. விடை தெரிந்தவர்கள் வளைவை வழிக்கு ஏற்பச் செதுக்குகிறார்கள். மற்றவர்கள் கிடைத்த முதல் மரத்தில் அடிக்கிறார்கள்.

'கிடைத்த முதல் மரம்' என்பது இத்துறையின் கலைச்சொல். எறிமேடையிலிருந்து சில அடி தூரத்தில் நிற்கும், யாரும் பொருட்படுத்தாத, மணிக்கட்டு கனமுள்ள இளம் பிர்ச் அது. எறிபவன் கண் தூரத்தில் இருப்பதால் இது அவன் கண்ணில் படுவதில்லை. முழு வேகத்தில் போன தட்டு இதில் பட்டு எறிந்தவன் முதுகுக்குப் பின்னாலேயே வந்து விழும். கூடைக்கு இன்னும் தூரம் கூடியிருக்கும். எறி எண்ணிக்கையிலும் ஒன்று கூடியிருக்கும். இதற்கு நேரெதிர், மரத்தில் பட்டு விலகி வழிக்கு நடுவே வந்து விழும் அருள். இரண்டுக்கும் காரணமான விசை ஒன்றே என்றாலும், முதலாவதை ஆட்டக்காரர் துரதிர்ஷ்டம் என்பர். இரண்டாவதைத் திறமை என்பர். இந்த வகைப்பாட்டில் விதிவிலக்கு கிடைக்கவில்லை.

ஓசையைப் பற்றி ஒரு துணைக்குறிப்பு. பைனின் தடித்த பட்டையில் பட்டால் 'தொப்'. பிர்ச்சில் பட்டால் 'டொக்'. ஸ்புரூஸின் உலர்ந்த கீழ்க்கிளைகளுக்குள் போனால் சடசடவென்று முறியும் சத்தம், அதன்பின் அமைதி. தேர்ந்த ஆட்டக்காரர் இதைக் கேட்டே, தட்டு கீழே விழுந்ததா, கிளையில் தொங்குகிறதா என்று சொல்லிவிடுவார். ஸ்புரூஸில் தொங்கும் தட்டை எடுக்க மரபு கண்ட வழி, இன்னொரு தட்டை எறிவது. பின்பு இரண்டையும் எடுக்கத் தண்ணீர் பாட்டிலை எறிவது. பின்பு காலணி. காலணியையும் மரம் எடுத்துக்கொண்டபின் அமைதியாக உட்கார்ந்து சாப்பிடுவது.

தேடல் இயல்

காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். பிரிந்து போனது திரும்ப வரும் என்று ஆற்றியிருப்பது. டிஸ்க் கோல்ஃபில் பாதி நேரம் இந்த ஒழுக்கத்திலேயே கழிகிறது. ஒருவர் தட்டு தொலைந்தால் எல்லோரும் வரிசையாகப் புதருக்குள் இறங்கித் தேட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. மூன்று நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் தொலைந்தது என்று கொண்டு ஓர் எறி தண்டனை என்பது எழுதப்பட்ட விதி. மூன்று நிமிடம் கழிந்தால் முல்லை அங்கேயே பாலையாகத் திரியும்.

தேடுவோர் எல்லோரும் ஒரு தவற்றைச் செய்கிறார்கள்: தட்டு விழுந்த இடத்தைத் தாண்டிப் போய்த் தேடுகிறார்கள். மேலே சொன்ன கணக்கே இதற்கும் பொருந்தும். கண் 50 மீட்டர் போயிருக்கிறது, ஆகவே தேடலும் அங்கே தொடங்குகிறது. தட்டு 24 மீட்டரில் பாசிக்குள் மல்லாந்து கிடக்கிறது. உள்ளூர்க்காரர் மட்டும் எப்போதும் எறிமேடைப் பக்கமிருந்தே தேடத் தொடங்குவார். எப்போதும் அவரே எடுப்பார். நம்மை அழைத்துச் சொல்ல மாட்டார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நாம் பார்க்கும் வரை நிற்பார்.

நிறம் பற்றியும் முன்னோர் வகுத்திருக்கிறார்கள். பச்சைத் தட்டு காட்டில் வாங்கியவுடனே தானம் செய்ததற்குச் சமம். மஞ்சளும் ஆரஞ்சும் கோடையில் சிறக்கும். செப்டம்பரில் பிர்ச் இலைகள் நிறம் மாறி உதிரத் தொடங்கியதும் அவையும் கைவிடும். எல்லாப் பருவத்துக்கும் உரியவை கத்திரிப்பூவிலிருந்து ரோஜா வரையான நிறங்கள். தட்டு விற்கும் கடைக்காரர் சொல்வார், ஆண்கள் முதலில் கறுப்பு கேட்டு வருவார்கள், ஒரு மாதம் கழித்து ரோஜா கேட்டு வருவார்கள் என்று.

தேடலில் கிடைக்கும் துணைப்பயன்கள் பல. முழங்கால் உயரத்துக்குப் பில்பெரிச் செடிகள். பின்லாந்தில் யாருடைய காடானாலும் பழம் பறித்துத் தின்ன எல்லோருக்கும் உரிமை உண்டு. மூன்று நிமிட விதியை நீலமான நாக்குகள் மீறுவதைக் களத்தில் கண்டோம். வேறு யாரோ தொலைத்த தட்டுகளும் கிடைக்கும். அடிப்புறத்தில் பேனாவால் எழுதிய தொலைபேசி எண் இருக்கும். எடுத்தவர் குறுஞ்செய்தி அனுப்பிவிடுவார். எண் எழுதாத தட்டு கிடைத்தால் என்ன செய்வது என்பதில் தம்பிக்கும் இவ்வாய்வாளருக்கும் கருத்து வேறுபாடு. அது இன்னும் தம்பியின் பையில்தான் இருக்கிறது.

எறும்புப் புற்றின் மேல் தட்டு விழுந்தது தம்பிக்குத்தான். கிடந்த இடத்திலிருந்தே ஆட வேண்டும், கிளைகளையும் செடிகளையும் கூடியவரை அசைக்காமல் நிற்க வேண்டும் என்பது பொதுவிதி. தீங்கு செய்யும் பூச்சிகள் இருந்தால் தள்ளி நின்று ஆடச் சலுகை உண்டு என்பது சிறப்புவிதி. எறும்பு அதில் அடங்கும் என்பதில் ஐயமில்லை. "அப்போ கொசு?" என்று தம்பி கேட்டார். கொசுவையும் சேர்த்தால் அந்தக் காட்டில் ஆடவேண்டிய கட்டாயமே யாருக்கும் இராது. உரை விரிந்தால் நூல் அழியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மரத்தின் தரப்பு

இதுவரை ஆட்டக்காரன் தரப்பில் நின்றே பேசிவிட்டோம். மரத்துக்கும் ஒரு தரப்பு உண்டு. எறிமேடையைப் பார்த்து நிற்கும் பக்கத்தில், தட்டு பறக்கும் உயரத்தில், பட்டை உரிந்து சிறு சிறு வெட்டுகள் விழுகின்றன. பட்டைக்கு அடியில்தான் மரம் வளரும் மெல்லிய படலம் இருக்கிறது. ஸ்புரூஸுக்குப் பட்டை மெலிது; காயம் பட்டால் பிசின் வடித்துத் தன்னை மூடப் பார்க்கும்; மூடுவதற்கு முன் பூஞ்சை புகுந்தால் உள்ளே இற்றுப்போகும். மேலே தட்டு செய்வதைக் கீழே கால்கள் செய்கின்றன. ஸ்புரூஸின் வேர் ஆழம் போகாதது. நடந்து நடந்து மண் இறுகினால் அதற்கு மூச்சுமுட்டும். கூட்டம் மிகுந்த களங்களில் எறிமேடைக்கு அருகே உள்ள மரங்களுக்கு மரச் சட்டங்களை வரிசையாகக் கட்டிக் கவசம் போடுகிறார்கள். தட்டுக்கு அது புது ஓசை.

மரமும் சும்மா வாங்கிக்கொண்டிருக்கவில்லை. புதிதாக வாங்கிய தட்டு முரட்டுத்தனமாக இடப்புறம் வெட்டி இறங்கும். மரத்தில் பட்டுப் பட்டு அதன் விளிம்பு தேயும், சற்றே நெளியும். வளைவு மெல்ல மெல்லக் குறையும். ஒரு பருவகாலம் காட்டில் அடிவாங்கிய தட்டு, நேராகப் போகக் கற்றுக்கொள்கிறது. மலிவான பிளாஸ்டிக் சீக்கிரம் கற்கும், விலை உயர்ந்தது மெதுவாகக் கற்கும். ஆட்டக்காரர்கள் புதுத் தட்டைவிட அப்படித் தேய்ந்த தட்டைத்தான் உயிராக வைத்திருக்கிறார்கள். கடையில் காசு கொடுத்தாலும் அந்த நிலையில் கிடைக்காது. காட்டில் நேராகப் போக வேண்டிய தட்டைச் செய்து தருவது காடே. கூலியாகக் கொஞ்சம் பட்டையை எடுத்துக்கொள்கிறான் ஆட்டக்காரன். ஒப்பந்தத்தில் யார் ஏமாந்தார் என்பதை வனத்துறை சார்ந்த ஆய்வாளர்கள் தீர்மானிக்கட்டும்.

நூற்பாவை மெய்ப்பிக்கும் எறிகளும் உலகில் உண்டு என்பதை நேர்மை கருதிச் சொல்ல வேண்டும். 2021 உலகச் சாம்பியன் போட்டியில், யூட்டா மாநிலத்து ஆக்டென் நகரில், கடைசிக் கூடைக்கு ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டர் தூரத்திலிருந்து எறிந்த தட்டு நேராகச் சங்கிலிக்குள் போய் விழுந்தது. அந்த ஓர் எறியால் பால் மெக்பெத்தோடு சமநிலை கண்டு, கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் எடுத்தார். நம் காட்டில் மரங்கள் அந்தத் தூரத்தைத் தாண்டவிடுவதே இருபத்திரண்டில் ஒன்று என்று கணக்கிட்டோம். தாண்டியபின் கூடையில் விழுவது வேறு கணக்கு. அந்தக் காணொளியை ஆட்டக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பார்த்தபின்தான் காட்டுக்குள் வருகிறார்கள். நூற்பாவின் செல்வாக்கு குறையாததற்கு இது போதும்.

களப்பணியின் கடைசிப் பகுதி ஒரு மரப்பெட்டி. புதுக் களம் என்பதால், இன்னும் எந்த மரத்தை அகற்றலாம் என்று ஆடுவோரிடமே கருத்துக் கேட்டு, களம் அமைத்தவர்கள் நுழைவாயிலில் பெட்டி வைத்திருந்தார்கள். கூடை எண்ணையும் மரத்தின் அடையாளத்தையும் சீட்டில் எழுதிப் போட வேண்டும். அந்த வாரம் பெட்டியைத் திறந்தபோது உடன் இருக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஒவ்வொரு சீட்டும் ஒரு மரத்தின் மேல் குற்றச்சாட்டு. இரண்டு சீட்டுகள் ஒரே மரத்தைச் சொல்லவில்லை. எழுதியவர்கள் எல்லோருக்கும் காட்டில் ஒரே ஒரு மரம்தான் தவறான இடத்தில் நிற்கிறது, ஆளுக்கொரு மரம். சீட்டுகளை எல்லாம் ஏற்றுக்கொண்டால் அங்கே கூடைகளும் எறும்புப் புற்றும் மட்டும் மிஞ்சும். தம்பியின் சீட்டில் அந்த இளம் பிர்ச்சின் பெயர் தமிழில் சில அடைமொழிகளோடு எழுதியிருந்தது. மொழிபெயர்க்கச் சொன்னார்கள், பிர்ச் மரம் என்று சொல்லி முடித்துக்கொண்டோம்.

குழு ஆலோசித்து ஒரு மரத்தை வெட்ட முடிவு செய்தது. ஒன்பதாவது கூடைக்குப் பின்னால், பட்டுப்போய், நடைபாதைப் பக்கம் சாய்ந்து, எப்போது விழுமோ என்று நின்ற ஒரு ஸ்புரூஸ். அதன் பட்டையைத் தடவிப் பார்த்தோம். ஒரு தட்டின் தழும்புகூட இல்லை.